கோமல் முதல் கார்கி வரை: யாருக்காக எடுக்கிறோம் இந்த விழிப்புணர்வுப் படங்களை?

போன வருஷம் குழந்தைகள் தினத்தன்று எங்கள் அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் ஒரு படம் போட்டோம். அடையாறில், எல்.பி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிற 32 வீட்டுக் குடியிருப்பு. இரண்டு தூணுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, இருபது குழந்தைகளை ஜமுக்காளத்தில் உட்கார வைத்தாயிற்று. பெற்றோர்கள் பின்னால் நாற்காலியில், வழக்கம்போல ஆளுக்கொரு செல்போனுடன். படம் 'கோமல்'. சைல்ட்லைன் இந்தியா அமைப்புக்காக கிளைம்ப் மீடியா தயாரித்த, பத்து நிமிஷ அனிமேஷன் படம். சிறந்த கல்விப் படத்துக்கான 2014ஆம் ஆண்டு தேசிய விருதை இன்னொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது.

படம் முடிந்ததும் அசோசியேஷன் செயலாளர், "யாருக்காவது டவுட் இருக்கா?" என்று மைக்கில் கேட்டார். எட்டு வயசு இருக்கும், ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கினாள்.

"அம்மாகிட்ட சொன்னா அம்மா திட்டினா என்ன பண்றது அங்கிள்?"

பின்னால் ஒரே சிரிப்பு. அவள் அம்மாவும் சிரித்துக்கொண்டே "நான் எப்படீ திட்டுவேன்?" என்றார். செயலாளர், "சமத்து! அம்மா திட்ட மாட்டாங்க, சரியா? எல்லாரும் சமோசா சாப்பிட வாங்க" என்று முடித்துவிட்டார். யாரையும் குறை சொல்லவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன், நானும் சமோசாதான் சாப்பிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பத்து நிமிஷப் படம் பதில் சொல்லாமல் விட்ட ஒரே கேள்வியை அந்தக் குழந்தை கேட்டுவிட்டாள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு இரண்டு மாதம், வார இறுதிகளில், இந்த மாதிரிப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். கூடவே போக்சோ சட்டத்தையும் சில ஆய்வுகளையும் படித்தேன். நான் சட்டம் படித்தவன் இல்லை, குழந்தை உளவியலும் தெரியாது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அந்த அளவில் இதை வாசியுங்கள்.

முதலில் கோமலைப் பற்றி. ஏழு வயதுப் பெண். அப்பாவின் நண்பர் பக்ஷி அங்கிள் பக்கத்தில் குடிவருகிறார். பரிசு வாங்கித் தருவார், விளையாடுவார், வீட்டில் எல்லோருக்கும் பிடித்தவர். ஒருநாள் அவர் செய்வது கோமலுக்குப் பிடிக்காமல் போகிறது. குழந்தை சுருங்கிப்போகிறாள். அம்மா கவனிக்கிறாள், கேட்கிறாள், குழந்தை சொல்கிறாள், பெற்றோர் நம்புகிறார்கள். 1098 என்ற எண் வருகிறது.

நல்ல படம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். தப்பு செய்கிறவனுக்கு வில்லன் மூஞ்சி வைக்கவில்லை. இருட்டுச் சந்தில் நடக்கவில்லை, பட்டப்பகலில் தெரிந்த வீட்டில் நடக்கிறது. அனிமேஷன் என்பதால் எந்தக் குழந்தை நடிகரையும் அந்தக் காட்சியில் நிறுத்தவில்லை. இது பெரிய விஷயம். யூடியூபில் தமிழில் 'விழிப்புணர்வுக் குறும்படம்' என்று தேடினால் வரிசையாக வருகின்றனவே, அவற்றில் நான் பார்த்த இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் பாதிக்கும் மேல் ஒரே அச்சில் வார்த்தவை. சாக்லேட்டை நீட்டும் ஒரு கை. கதவு மூடும். பொம்மை ஸ்லோமோஷனில் தரையில் விழும். வயலின் அழும். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பொன்மொழி. அந்தக் கை பெரும்பாலும் லுங்கி கட்டிய, தாடி வளர்த்த, குடித்துவிட்டு வருகிற ஆளுடையது. இதைப் பார்க்கிற நடுத்தர வர்க்கத்து அப்பா என்ன புரிந்துகொள்வார்? நம் வீட்டுக்கு அப்படி யாரும் வருவதில்லை, நிம்மதி. அவ்வளவுதான்.

நிஜத்தில் போக்சோ வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்கின்றன. பொம்மை விழும் படங்கள் இதற்கு நேர் எதிரான பாடத்தை நடத்துகின்றன.

கோமல் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஆனால் ஒரு இடத்தில் ஏமாற்றுகிறது. அந்த அம்மா. அவள் ரொம்ப நல்லவள். குழந்தை ஒருமுறை சொன்னதும் முழுசாகப் புரிந்துகொண்டு, முழுசாக நம்பி, கோபத்தையும் அழுகையையும் அடக்கி, சரியான வார்த்தையைச் சொல்கிறாள். அப்படி ஒரு அம்மா எந்த வீட்டில் இருக்கிறாள்? நம் வீடுகளில் இருப்பது அந்த எட்டு வயதுக்காரி பயந்த அம்மா. அவள் கெட்டவள் இல்லை. அதிர்ச்சியில் முதலில் "நீ ஏன் அங்கே போனே?" என்று கேட்டுவிடுவாள். அந்த ஒரு 'ஏன்' போதும், குழந்தை வாயை மூடிக்கொள்ள.

குழந்தைகள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்பது பற்றி ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983இல் எழுதிய கட்டுரை பிரபலமானது. பிற்காலத்தில் நிறைய விவாதத்துக்கு உள்ளானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரகசியம், கையாலாகாத நிலை, சிக்கிக்கொண்டு அனுசரித்துப்போவது, தாமதமாகவும் தெளிவில்லாமலும் சொல்வது, பிறகு சொன்னதையே மறுத்துவிடுவது என்று ஐந்து நிலைகளை அவர் வர்ணித்தார். கடைசி நிலையைக் கவனியுங்கள். சொன்ன பிறகு வீட்டில் நடக்கிற களேபரத்தைப் பார்த்து, "இல்ல, நான் சும்மா சொன்னேன்" என்று குழந்தை பின்வாங்கும். நான் பார்த்த எந்தப் பிரச்சாரப் படத்திலும் இது இல்லை. எல்லாப் படத்திலும் குழந்தை ஒரே தடவை, கோர்வையாக, ஆள் பெயருடன் சொல்கிறது. எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் அனுப்புகிற புகார்கூட அப்படி வந்ததே இல்லை!

வாடிக்கையாளர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருத்தர் பிழை இருக்கிறது என்று எழுதினால் எங்கள் ஆட்கள் முதலில் சொல்லும் பதில், "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது". குழந்தை ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னால் வீட்டில் வருகிற முதல் பதிலும் கிட்டத்தட்ட அதேதான். "அவரா? என்கிட்ட நல்லாத்தானே பழகுறாரு."

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயசில் நடந்தது. அப்போது நாங்கள் சென்னைக்கு வரவில்லை. கணக்கு டியூஷன் எடுத்த ஒருவர். விவரம் வேண்டாம். நான் சித்தியிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், "அந்த சார் எனக்குப் பிடிக்கல, என்னைத் தொட்டுக்கிட்டே இருக்கார்" என்ற அளவில். சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியவர்டா, பாசமா தொட்டிருப்பார். அப்பாகிட்ட போய் உளறி வைக்காதே" என்றார். முழுப் பரீட்சை முடிகிறவரை இரண்டு மாசம் நான் அங்கேதான் போனேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் சித்தியிடம் இதைப் பேச்சுவாக்கில் கேட்டேன். அவருக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே இல்லை. என்னை மடியில் போட்டு வளர்த்தவர், இன்றைக்கும் என் மேல் உயிரையே வைத்திருப்பவர். அன்றைக்கு அவர் கையில் என்ன செய்வது என்பதற்கான ஒரு வார்த்தைகூட இல்லை, அதுதான் விஷயம்.

ஆக, நான் அந்தப் படங்கள் கேட்கிறபடியே செய்த குழந்தை. இல்லை என்று சொல், ஓடு, நம்பிக்கையான பெரியவரிடம் சொல். மூன்றாவது படி வரைக்கும் போனேன். படங்கள் அங்கே முடிந்துவிடுகின்றன.

பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் இயங்கும் துளிர் அமைப்பு 2006இல் இந்த நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் ஆய்வு நடத்தியது. 42 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பையன்களில் 48 சதவீதம், பெண்களில் 39. அடுத்த வருஷம் மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அதில் 53 சதவீதம். அங்கேயும் பையன்கள் பெண்களைவிடச் சற்று அதிகம். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அதனால் துளிரின் எண்கள் நமக்கு இன்னும் முக்கியம். இப்போது குறும்படங்களுக்குத் திரும்புங்கள். பையனை மையமாக வைத்துத் தமிழில் எத்தனை படம் பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்த இருபத்திச்சொச்சத்தில் இரண்டு.

2012 மே 13ஆம் தேதி ஒளிபரப்பான 'சத்யமேவ ஜெயதே' இரண்டாம் பகுதி இந்த விஷயத்தில் முன்னோடி. ஆமிர் கானின் நிகழ்ச்சி, ஸ்டார் விஜயில் தமிழிலும் வந்தது. ஹரீஷ் ஐயர் தன் சிறுவயது அனுபவத்தை அதில் வெளிப்படையாகப் பேசினார். பையன்களுக்கும் இது நடக்கும் என்பதை இந்தியாவில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவர் அம்மாவும் அந்த மேடைக்கு வந்தார். எனக்கு இன்றைக்கும் மறக்காதது அந்த அம்மாவின் முகம். கடைசியில் ஆமிர் குழந்தைகளை உட்கார வைத்து உடம்பில் எந்தெந்த இடம் 'ஆபத்தான பகுதி' என்று பாடம் எடுத்தார். அந்தத் துண்டுதான் பிறகு வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்கில் சுற்றியது. அம்மா வந்த பகுதி சுற்றவில்லை. நாம் எதை எடுத்துக்கொள்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் பாருங்கள்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம். அது வந்ததால்தான் போக்சோ சட்டம் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். மாநிலங்களவை அந்த மசோதாவை 2012 மே 10ஆம் தேதியே நிறைவேற்றிவிட்டது, அதாவது நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பே. மக்களவை நிறைவேற்றியது மே 22. அமலுக்கு வந்தது அதே வருஷம் நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் பல வருஷ உழைப்பு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு மொத்தப் பெருமையையும் கொடுப்பது நியாயமில்லை.

படம் சட்டத்தை அசைத்த நிஜமான உதாரணம் வேண்டுமென்றால் தென் கொரியாவுக்குப் போக வேண்டும். குவாங்ஜு நகரில் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளியில் நடந்த கொடுமைகளை வைத்து கோங் ஜி-யோங் 2009இல் நாவல் எழுதினார். 2011 செப்டம்பரில் அது 'டோகானி' என்ற படமாக வந்தது. நாற்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டது, பள்ளி மூடப்பட்டது, அக்டோபர் இறுதியிலேயே கொரிய நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மக்கள் அதை 'டோகானி சட்டம்' என்றே கூப்பிடுகிறார்கள். அந்தப் படம் குழந்தைகளுக்கு எந்தப் பாடமும் எடுக்கவில்லை. கண்டும் காணாமல் இருந்த ஆசிரியர்களையும் போலீஸையும் நீதிமன்றத்தையும் காட்டியது. பெரியவர்களைப் பார்த்துப் பேசிய படம்.

நம் ஊரில் அதற்குக் கிட்டத்தட்ட இணையான அதிர்ச்சி 2018 ஜூலையில் வந்தது. அயனாவரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. செவித்திறன் குறைபாடுள்ள 11 வயதுச் சிறுமி. காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், பிளம்பர் என்று 17 பேர் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த அக்காவிடம்தான் அவள் முதலில் சொன்னாள் என்று அப்போதைய செய்திகள் எழுதின. 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் என்று போக்சோ சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது சென்னையில் எல்லா அசோசியேஷன்களும் என்ன செய்தன? எங்களுடையது எட்டு கேமரா மாட்டியது, செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றியது. யாரிடம் சொல்வது, சொன்னால் கேட்பவர் என்ன செய்வது என்று ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. கேமரா வாங்குவது சுலபம். அதற்கு விலைப்பட்டியல் இருக்கிறது.

அதே அச்சம் சினிமாவில் எப்படி வந்தது என்று பார்த்தால் தமிழில் மூன்று படங்களையாவது பேச வேண்டும். 2020இல் அமேசான் பிரைமில் நேரடியாக வந்த 'பொன்மகள் வந்தாள்' நல்ல எண்ணத்துடன் எடுக்கப்பட்ட படம். ஊட்டி, பழைய வழக்கு, ஜோதிகாவின் வாதம். ஆனால் குற்றவாளிகள் பணமும் அதிகாரமும் உள்ளவர்கள். நாம் கோபப்பட்டு, கண்ணீர் விட்டு, கைதட்டிவிட்டு எழுந்துவிடலாம். நம்மைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

2023இல் வந்த அருண்குமாரின் 'சித்தா' அதைவிட வெகு தூரம் போகிறது. பழனி. அண்ணன் மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கும் சித்தப்பா. இன்னொரு குழந்தைக்குக் கொடுமை நடக்க, அந்தக் குழந்தை பேசாமல் இருக்க, பெரியவர்கள் அந்த மௌனத்துக்குள் தங்களுக்குத் தோன்றிய பெயரைப் போட்டு நிரப்புகிறார்கள். சந்தேகம் சித்தப்பா மேலேயே விழுகிறது. அந்த முதல் பாதியைத் தமிழ் சினிமாவின் சாதனை என்றே சொல்வேன். பிறகு படம் கடத்தல் திரில்லராக மாறி ஓடத் தொடங்குகிறது. ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் பாதியில் என்னை உறுத்திய கேள்விகள் ஓட்டத்தில் பின்தங்கிவிட்டன. நிமிஷா சஜயனின் பாத்திரம் வந்து, பழிவாங்குவது யாருக்காக, குழந்தைக்கு இப்போது என்ன தேவை என்று கேட்கிற இடத்தில்தான் படம் மீண்டும் மூச்சுவிடுகிறது. கொன்றுவிட்டு வருவதைவிடப் பக்கத்தில் உட்காருவது கஷ்டம் என்று ஒரு தமிழ்ப்படம் சொன்னதே பெரிசு.

மூன்றாவது, கௌதம் ராமச்சந்திரனின் 'கார்கி', 2022. இனிமேல் எழுதப்போவது கதையின் முடிச்சை அவிழ்த்துவிடும். படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அபார்ட்மெண்டில் ஒரு சிறுமிக்குக் கொடுமை நடக்கிறது. காவலாளியாக வேலை பார்க்கும் கார்கியின் அப்பாவும் கைதாகிறார். ஆர்.எஸ். சிவாஜி நடித்திருக்கிறார், பார்த்தாலே பாவமாக இருக்கும் மனுஷர். பள்ளி ஆசிரியையான மகள், சாய் பல்லவி, அவரை மீட்கப் போராடுகிறாள். ஊர் துப்புகிறது, டிவி கூச்சல் போடுகிறது, திக்கித் திக்கிப் பேசும் ஒரு வக்கீல் மட்டும் துணை. படம் பார்க்கிற நாம் அத்தனை பேரும் அவள் பக்கம். அப்பாவை விட்டுவிட மாட்டார்களா என்று ஏங்குகிறோம். கடைசியில், அவர் செய்திருக்கிறார். நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஏனென்றால் இரண்டு மணி நேரமாக நான் நம்பியது குழந்தையை அல்ல, அந்த ஆளை. "அவரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்று சித்தி சொன்னதை நானும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். கார்கி எந்தப் பிரச்சாரத்துக்காகவும் எடுக்கப்பட்ட படம் இல்லை. ஆனால் பெற்றோர்களுக்கு ஒரே ஒரு படம் போடலாம் என்றால் இதைத்தான் போடுவேன்.

பிரிட்டனில் என்எஸ்பிசிசி என்ற குழந்தைகள் நல அமைப்பு 2002இல் ஒரு விளம்பரம் எடுத்தது. நிஜமான அப்பா, கார்ட்டூன் பையன். அப்பா அவனைத் தூக்கி எறிகிறான், அடிக்கிறான். கார்ட்டூன்களில் நடப்பதுபோலப் பையன் நசுங்கி, மறுபடி எழுந்துகொள்கிறான். பின்னணியில் சிரிப்பொலி. கடைசியில் மாடிப்படியிலிருந்து விழுகிறான். கீழே கிடப்பது நிஜப் பையன். எழவில்லை. பாலியல் கொடுமை பற்றியது இல்லைதான். ஆனாலும் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதில் அதற்குக் குழப்பமே இல்லை. அடிக்கிறவனையும், பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டுக்கொண்டே டிவி பார்க்கிறவனையும் பார்த்துத்தான் பேசுகிறது.

அப்படியென்றால் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வீணா? இல்லை. பள்ளிகளில் நடக்கும் பாதுகாப்புக் கல்வி பற்றிய 24 ஆய்வுகளை, 5,802 பேரின் தரவுகளை, 2015இல் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று தொகுத்துப் பார்த்தது. குழந்தைகளுக்கு அறிவும் தற்காப்பு நடத்தையும் கூடுகின்றன, கற்றது ஆறு மாதம்வரை தங்குகிறது, பயம் அதிகமாவதில்லை. "இதெல்லாம் காட்டினா குழந்தை பயந்துடும்" என்று பள்ளிக் கூட்டங்களில் ஆட்சேபிப்பவர்களுக்கு இது பதில். ஆனால் இதனால் கொடுமை நடப்பதே குறைகிறதா என்பதற்கு அந்த மதிப்பாய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இருபது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை, எழுபது கிலோ எடையுள்ள, வீட்டாருக்கு வேண்டப்பட்ட ஒருவரைத் தடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

மொழியையும் பேசாமல் இருக்க முடியாது. 'குட் டச், பேட் டச்' என்று எல்லாப் படமும் சொல்கிறது. தொட்டது கூச்சமாகவோ வலியாகவோ இல்லாமல் இருந்தால்? அந்த ஆளைக் குழந்தைக்கு ரொம்பப் பிடித்திருந்தால்? அப்போது அது 'பேட்' இல்லை என்று குழந்தை கணக்குப் போடும், பிற்பாடு தன் மேலேயே குற்றம் சுமத்திக்கொள்ளும். பாதுகாப்பான, பாதுகாப்பில்லாத தொடுதல் என்று சிலர் மாற்றிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள், நல்லது. அடுத்து உறுப்புகளின் பெயர். நம் வீடுகளில் இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த இடத்துக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பெயர் 'ஷேம் ஷேம்'. யோசித்துப் பாருங்கள், பெயரிலேயே வெட்கத்தை வைத்துவிட்டு, பிறகு ஆறு வயசில் "வெட்கப்படாமல் வந்து சொல்லு" என்கிறோம். நாளை அந்தக் குழந்தை போலீஸிடமும் நீதிபதியிடமும் எந்த வார்த்தையில் சொல்லும்? நாளிதழ்கள் பங்குக்கு 'சில்மிஷம்' என்று ஒரு சொல் வைத்திருக்கின்றன. காதலர்கள் பூங்காவில் செய்வதற்கும் வாத்தியார் வகுப்பில் குழந்தையிடம் செய்வதற்கும் ஒரே சொல்! 'கற்பழிப்பு' போய் 'பாலியல் வன்கொடுமை' வந்துவிட்டது. இது மட்டும் இன்னும் போகவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் படங்களைவிடத் தெளிவாக இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. போக்சோவின் 43ஆவது பிரிவு, மத்திய மாநில அரசுகள் தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை வழியாக இச்சட்டத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் பரப்ப வேண்டும் என்கிறது. பொதுமக்களுக்கும், குழந்தைகளுக்கும், பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும். அதாவது இந்தப் படங்களை எடுப்பது தர்ம காரியம் இல்லை, அரசின் கடமை. 19ஆவது பிரிவின்படி இப்படி நடந்தது தெரிந்த எவரும் போலீஸிடமோ சிறார் காவல் பிரிவிடமோ தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் 21ஆவது பிரிவில் ஆறு மாதம்வரை சிறை. குழந்தை தெரிவிக்காவிட்டால் தண்டனை இல்லை என்று அதே பிரிவு தனியாகச் சொல்கிறது. பொறுப்பு யார் தலையில் என்று சட்டம் எழுதி வைத்துவிட்டது. வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது, குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும் என்பது 24ஆவது பிரிவு. "போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் பொம்பளைப் பிள்ளையை அலைய விடணுமா?" என்று தயங்கும் தாத்தா பாட்டிகளுக்கு இந்த ஒரு வரியை ஒரு நிமிஷப் படமாக எடுத்துக் காட்டினால் போதும். எடுத்திருக்கிறார்களா என்று தேடினேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

தியேட்டரில் படத்துக்கு முன்னால் புகையிலை விளம்பரம் போடுவது கட்டாயம். இடைவேளையிலும் வருகிறது. பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தாலும் அந்த வசனங்கள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஹீரோ சிகரெட் பிடித்தால் ஓரத்தில் எழுத்து ஓடுகிறது. 43ஆவது பிரிவுக்கு அந்த மாதிரி ஒரு நிமிஷம் ஒதுக்கக் கூடாதா?

2021இல் சென்னைப் பள்ளி விவகாரங்கள் வெடித்தபோது, ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 22 வரை பள்ளிகளில் குழந்தைக் கொடுமை தடுப்பு வாரம் நடத்த வேண்டும் என்று தமிழக அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அந்த வாரத்தை ஒட்டி எங்கள் குடியிருப்பிலும் மறுபடி ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறேன். இந்த முறை குழந்தைகள் வேண்டாம், பெரியவர்கள் மட்டும். கோமலை மறுபடி போட்டு, அந்த அம்மா கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தி, "நீங்களாக இருந்தால் அடுத்து என்ன சொல்வீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்கலாம். அந்த எட்டு வயதுக்காரி கேட்டதற்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். "ஏன் போனே" என்று கேட்காமல், "சொன்னியே, நல்லது பண்ணே" என்ற வாக்கியத்தை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்ப்பதற்குக்கூட நம்மில் பலருக்கு நாக்கு புரளாது. எனக்கே கண்ணாடி முன்னால் இரண்டு மூன்று தடவை ஆயிற்று.

செயலாளரிடம் யோசனையைச் சொன்னேன். "பேரண்ட்ஸுக்கு மட்டுமா? யார் சார் வருவா?" என்றார். ஆனாலும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இதுவரை நான்கு வீட்டிலிருந்து பெயர் கொடுத்திருக்கிறார்கள். சமோசா உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உண்டு என்று சொல்லியிருக்கிறேன்.